அப்பாவின் ஹார்மோனும் உன் ஹார்மோனும்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அறுபதைத் தாண்டியவர் பளு தூக்கி என்ன பயன், ஹார்மோன்தான் ஊறாதே, பேசாமல் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமே என்று நீ தொலைபேசியில் சொன்னதாக அப்பா சொன்னார். இத்தனை காலம் உடலியங்கியல் பாடம் நடத்தியவளால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நீ சொன்னதில் பாதி சரி. நடுவயதிலிருந்து ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. அமெரிக்காவின் வில்லியம் கிரேமர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயது ஆண்களுக்கும் 62 வயது ஆண்களுக்கும், அதாவது உனக்கும் அப்பாவுக்கும் என்று வைத்துக்கொள், 10 வாரம் பளுப் பயிற்சி கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். இளையவர்களுக்குப் புரதத்தோடு பிணையாமல் இரத்தத்தில் திரியும் டெஸ்டோஸ்டிரோன் கூடியது. மூத்தவர்களுக்குப் பயிற்சியின்போது மொத்த டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்ததோடு, ஓய்வுநிலையில் தசையைக் கரைக்கும் அழுத்த ஹார்மோனான கார்டிசோலும் குறைந்தது. குழுவுக்கு எட்டு ஒன்பது பேர்தான் என்பதால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும்.

ஆனால் ஹார்மோன் எழும்பினால்தான் தசை வளரும் என்று நீ நினைப்பது சரியல்ல. பயிற்சி முடிந்ததும் தெரியும் அந்த ஏற்றம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்; அதற்கும் தசை வளர்வதற்கும் சொல்லும்படியான தொடர்பில்லை என்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். தசைநாரின் மேல் விழும் பளுவே அதை வளர்க்கிறது. பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியில் தொடை வலிமை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது என்று 1990இல் மரியா ஃபியாடரோன் எழுதியபோது, அவர்கள் யாரும் ஊசி போட்டுக்கொண்டிருக்கவில்லை.

நான் கவனிக்கச் சொல்லும் ஹார்மோன் இன்சுலின். உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுக்கும். அதன்பின் ஓரிரு நாளுக்குக் குறைந்த இன்சுலினே போதுமானதாக இருக்கும். இதற்கு வயது தடையில்லை. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு வாரம் 150 நிமிடம் உடலுழைப்பும் சேர்ந்தபோது நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அறுபது கடந்தவர்களிடம் அது 71 சதவீதம்.

என்னைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எந்தப் பயிற்சியும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைத் திருப்பித் தராது. கொழுப்புத் திசுவே அப்போது அதைச் சுரப்பதால், உடல் இளைத்தால் அது இன்னும் சற்றுக் குறையும். ஆனாலும் பளு தூக்கினால் எலும்பு தேய்வது மட்டுப்படும் என்பதால் நானும் அப்பாவோடு சேர்ந்துகொண்டேன்.

ஊசி, குறைபாட்டின் அறிகுறிகள் இருந்து, வெவ்வேறு நாள்களில் காலையில் எடுத்த சோதனைகளிலும் அளவு குறைவென்று உறுதியானவர்களுக்கு மருத்துவர் தருவது. ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் விந்தகம் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு அது வேண்டாம். அடுத்த முறை வரும்போது ஐந்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி வா. வருமுன் உன் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சோதித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா