நாம் ஐ-லீக் கால்பந்து சாம்பியன்!

உறுப்பினர்களுக்கு வணக்கம். தொண்டை கட்டிப்போய்விட்டது, அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

நேற்று (மார்ச் 9) கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என வென்று, நம் சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42. கோழிக்கோட்டில் அவர்களும் வென்றுவிட்டதால், நாம் டிரா செய்திருந்தால்கூடக் கோப்பை போயிருக்கும்!

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் வாங்கியபோது கேலரியே வாயடைத்துப்போனது. இடைவேளையில் பக்கத்தில் இருந்த பெரியவர் தேநீரைக் கையில் பிடித்தபடியே ஆறவிட்டார். பிறகு பெட்ரோ மான்சியின் பெனால்டி. இந்த சீசனில் அவருக்கு இது 21-ஆவது கோல். அடுத்த இரண்டையும் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. அதில் கடைசி கோல் 90 நிமிடம் தாண்டிச் சேர்த்த நிமிடங்களில் விழுந்தது. அப்போது அந்தப் பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைக் காலோடு வைத்து ஆடக் கற்றுக்கொடுத்தார். நெருக்கடியிலும் அதை அவர் கைவிடவில்லை. என்னைக் கேட்டால், கோப்பையில் பாதி அவருடையது.

படம், காணொளி வைத்திருப்பவர்கள் இன்று இரவுக்குள் இங்கே பகிருங்கள். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒன்றாகச் சட்டமிட்டு வைப்போம்.