ஸ்லோவாக்கியாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

ஊரிலிருந்து கிளப்பிவிடும்போது ஒவ்வொருவர் கையிலும் நீங்கள் கொடுத்தனுப்பும் ஆங்கிலம்–ஸ்லோவாக் சொற்பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஒரே ஒரு ஸ்லோவாக் சொல், அவ்வளவுதான். போனிலும் மெயிலிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. போன மாதம் நிட்ராவுக்கு வந்து இறங்கிய பையன்களும் அதே பட்டியலைத்தான் கொண்டுவந்தார்கள் என்பதால் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

அவர்களில் ஒரு தம்பிக்கு வேலையில் அடிபட்டு முழங்கைக்குக் கீழே வீங்கிவிட்டது. எனக்கு ஷிப்ட், கூடப் போக முடியவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு தனியாகவே டாக்டரிடம் போயிருக்கிறான். அதில் 'ஆர்ம்' என்பதற்கு நேரே 'ரமெனோ' என்று போட்டிருக்கிறது. இங்கே ரமெனோ என்றால் மேல்கையையோ தோளையோதான் நினைப்பார்கள். டாக்டர் தோளைப் பிடித்து அழுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவனோ ஸ்வெட்டரைக்கூடச் சுருட்டாமல், பெரிய டாக்டர், அவருக்குத் தெரியாதா என்று பேசாமல் இருந்திருக்கிறான். முந்தின நாள் ஒரே ஒரு வலி மாத்திரை போட்டதைச் சொல்ல 'டேக்' என்பதற்கு எதிரே இருந்த 'ப்ரத்' என்ற வினையைப் பயன்படுத்த, அவன் பல நாளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஸ்லோவாக்கில் பெரும்பாலான வினைகள் இரண்டிரண்டாகத்தான் வரும், செய்துகொண்டிருந்ததற்கு ஒன்று, செய்து முடித்ததற்கு ஒன்று. ஒருமுறை எடுத்ததற்கு 'வ்ஸியத்' என்று வேறு சொல் இருக்கிறது, உங்கள் பட்டியலில் அது கிடையாது. தோளுக்குத் தடவ ஒரு களிம்போடு திரும்பி வந்தான், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் நான் கூட்டிக்கொண்டு போனபோதுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இதில் எனக்குத் தாங்கமுடியாத விஷயம், அந்தத் தம்பி தமிழில் யோசித்தபடியே ஸ்லோவாக்குக்குப் போயிருந்தால் சரியாகவே சொல்லியிருப்பான். 'ருக்கா' என்றால் நம்முடைய கை மாதிரியேதான், தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே ருக்கா. 'நொஹா' என்றால் கால், பாதமும் அதில் அடக்கம். கைவிரலுக்கும் கால்விரலுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலம்தான் இவற்றையெல்லாம் இரண்டாக வெட்டுகிறது. நாம் எதற்கு ஐயா அதன் வழியாகப் போக வேண்டும்? 'எனக்குக் குளிருது' என்பதை இங்கேயும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறார்கள்: 'யெ மி ஸிமா', அந்த 'மி' நம் நான்காம் வேற்றுமையேதான். ஆங்கிலத்தைப் பார்த்து 'நான் குளிர்' என்று சொல்லித் தொலைக்கிறான் பையன். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இவர்களுக்கும் உண்டு, 'தி', 'வி' என்று. அதையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அமுக்கிவிடுவதால் வந்த புதிதில் நம்மவர்கள் சூப்பர்வைசரையே ஒருமையில் கூப்பிட்டுவிட்டு முழிக்கிறார்கள், மரியாதை தெரியாதவர்களா நாம்? அப்புறம் 'கடைசியில்' என்று பொருள்படும் 'எவென்ச்சுவலி' என்பதற்கு எதிரே 'எவென்டுவால்னெ' என்று அச்சடித்திருக்கிறீர்களே, அதற்கு 'தேவைப்பட்டால்', 'ஒருவேளை' என்று பொருள். பார்த்தால் ஒன்றுபோல இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள், யாரும் சரிபார்க்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தமிழிலிருந்து நேராக ஸ்லோவாக்குக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பெயர்ச்சொல் என்றால் ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத பால் என்ற மூன்றில் எது என்று சேர்த்துப் போடுங்கள், அதற்கேற்பத்தான் முன்னால் வரும் அடைமொழியும் மாறும், அது தெரியாமல் 'புதிய' என்று சொல்லக்கூட நொவீயா, நொவாவா, நொவேயா என்று தடுமாற வேண்டியிருக்கிறது. வினை என்றால் இரண்டையும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வாக்கியம். பிராத்திஸ்லாவாவில் உள்ள ல்யுடோவீட் ஷ்டூர் மொழியியல் நிறுவனம் தன் அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, பால், வேற்றுமை வடிவம் எல்லாம் அதில் பார்க்கலாம். பணம் ஒரு காரணமே இல்லை.

பணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைத்து உங்களுக்குக் கட்டணம் கட்டி வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து ஐடிஐ முடித்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலமே அந்நிய மொழி. ஒரு தெரியாத மொழியை இன்னொரு தெரியாத மொழியில் சொல்லிக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்? 1995-இல் வந்த மொழிச் சட்டப்படி இங்கே அரசு மொழி ஸ்லோவாக்தான். விசா நீட்டிப்பு, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு என்று கையெழுத்துப் போடுகிற தாள்கள் எல்லாமே பெரும்பாலும் அதில்தான் வருகின்றன, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போடுகிறார்கள். தொழிற்சாலை வாசலில் கொண்டுவந்து விட்டதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடுமா?

கோபத்தில் கூடுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த குழு கிளம்புவதற்குள் தமிழ்–ஸ்லோவாக் பட்டியலைப் போட்டுக் கொடுங்கள். முழுசாக முடியாவிட்டால் உடம்பு, மருந்து, வேலையிடப் பாதுகாப்பு, சம்பளம் இவை நான்கையாவது முதலில் முடியுங்கள். அச்சுக்குப் போகுமுன் எங்களுக்கு அனுப்பினால், இங்கே பல வருஷமாக இருக்கும் நாங்கள் சிலர் உட்கார்ந்து இங்கத்து நண்பர்களை வைத்துச் சரிபார்த்துக் கொடுக்கிறோம், அதற்குக் காசு வேண்டாம். எங்கள் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நீங்கள் அனுப்பி வந்தவர்களில் ஒருவன்,
நிட்ரா