கோழி இனத் தேர்வில் டெல்டாவின் புழுக்கமும் கணக்கில் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்து களத்து மேட்டில் நெல் சிந்திக் கிடக்கும் தை, மாசி மாதங்களில் எங்கள் பகுதிப் பெண்கள் புறக்கடையில் வளர்க்கக் கோழிக் குஞ்சுகள் வாங்குகிறோம். முட்டைக்கும் ஆக வேண்டும், கறிக்கும் ஆக வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பம். ஆனால் எத்தனை கிலோ வரும், ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும் என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சித்திரைப் புழுக்கத்தை இந்த இனம் தாங்குமா என்பதையே காவிரிப் படுகையில் முதலில் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த அக்னி நட்சத்திரத்தின்போது, மூன்று கிலோவைத் தாண்டியிருந்த என் சேவல் ஒன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முருங்கை மரத்தடியில் இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து இளைத்தபடி நின்றது. தண்ணீர்ச் சட்டியை அருகில் வைத்தும் குடிக்கவில்லை. நான்கு மணிக்குள் சாய்ந்துவிட்டது. அதே நேரத்தில் கழுத்தில் இறகில்லாத என் நாட்டுப் பெட்டைக்கோழி, அடிபம்பை ஒட்டிய ஈர மண்ணைப் பறித்து அதில் வயிறு பதிய அமர்ந்திருந்தது. பொழுது சாயும் வேளையில் அது எழுந்து மேயப் போயிற்று.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இயல்பாகவே 41 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும் உடல் வெப்பத்தைக் கொண்டை, தாடி, இறகில்லாத தோல் ஆகியவற்றின் வழியாக ஓரளவு வெளியேற்றும். அது போதாதபோது இளைத்து, மூச்சோடு ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்க முடியும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். ஆகவே நாமக்கல்லின் வறண்ட வெயிலுக்குப் பொருந்தும் கணக்கு, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடற்காற்றுக்கு அப்படியே பொருந்தாது. உடல் பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடுகையில் வெப்பத்தை வெளிவிடும் தோல்பரப்பு குறைகிறது. அடர்ந்த இறகும் சேர்ந்தால் சேவலுக்கு மீட்சியில்லை. உயிர் தப்பும் பெட்டைக்கும் இழப்பு உண்டு. தொடர்ந்து இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தின் தன்மை மாறுவதால், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராமல், கையில் எடுத்தாலே நொறுங்கும் முட்டைகள் வருகின்றன.

ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இரண்டும் புறக்கடை வளர்ப்புக்கென்றே வந்தவை. இவற்றில் எடை கூடுதலான வனராஜாவை விட, உடல் இலகுவான, முட்டைக்கு முதன்மை தரும் கிராமப்பிரியாவே எங்கள் மண்ணுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இதைவிட முக்கியமாக நான் கருதுவது கிராப்புக் கோழி அல்லது கழுகுக் கோழி என்று நாம் அழைக்கும் கழுத்து மொட்டையான நாட்டுக்கோழியை. அதன் கழுத்தை மொட்டையாக்கும் மரபணு, உடலின் மொத்த இறகையே, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஏறக்குறைய 20 விழுக்காடும், இருவரிடமிருந்தும் வந்தால் 40 விழுக்காடும் குறைக்கிறது. இப்பண்பைப் பயன்படுத்தியே இசத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் ஹிட்காரி என்ற கலப்பினத்தை உருவாக்கியது. நம் ஊரில் அதே கோழியைப் பார்க்க லட்சணமாக இல்லை என்று சந்தையில் விலை குறைத்துக் கேட்கிறார்கள் என்பது மிகவும் வருத்தத்திற்குரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேம்படுத்தப்பட்ட இனங்கள் பெரும்பாலும் அடை படுப்பதில்லை; அதனால் ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைதான் இடுகிறது என்று நாட்டுப் பெட்டையை முற்றிலும் கழித்துவிடாமல், இரண்டையாவது அடைக்கென்று வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும் காலமும் கவனிக்கத்தக்கது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இறங்கும் குஞ்சுகள், கூண்டில் போட்ட உமி நசநசத்து, ரத்தக் கழிச்சலில் மடிகின்றன. தை மாதத்துக் குஞ்சு அப்படியன்று: வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை முறையாகப் போட்டுவிட்டால், உடல் பெருக்காத இளம் பருவத்திலேயே கோடையைக் கடந்து, ஆடி, ஆவணியில் முட்டைக்கு வந்துவிடும்.

இந்த ஆண்டு கிராப்புக் கோழிக் குஞ்சு கேட்டு நான்கு குஞ்சு பொரிப்பகங்களில் விசாரித்தேன், ஒன்றிலும் கிடைக்கவில்லை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, இந்த இனங்களை டெல்டா விவசாயிகளின் புறக்கடையிலேயே ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மழைக்காலமும் வளர்த்துப் பார்த்து, எத்தனை பிழைத்தன, எத்தனை முட்டை இட்டன என்ற விவரத்தை வெளியிட வேண்டும் என்றும், கால்நடை பராமரிப்புத் துறை கிராப்புக் கோழிக் குஞ்சுகளை தை மாதத்தில் எங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.