ஜன்னல் அளவை எடுத்து அனுப்பு

புதுச்சேரி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எனக்கும் சொல்ல நினைத்ததில் பாதி மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

நேற்றுக் காலை எழுந்து பல் துலக்கியதும் தெருப்பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிர்ந்து, "என்ன, மழை வருதா?" என்றார். அப்போதுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கே உறைத்தது. இருபத்தைந்து நாள் உன்னோடு பிரான்சில், மார்செய்யில் இருந்த பழக்கம், இன்னும் விடவில்லை.

உன் வீட்டில் முதல் மூன்று நாள் நாம் சண்டை போட்டதும் அந்த ஜன்னலுக்காகத்தானே. ஏழரை மணிக்கே மரக் கதவுகளை இழுத்துச் சாத்தி, கண்ணாடியையும் மூடி, திரையையும் இழுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாய். நீ படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் நான் எல்லாவற்றையும் திறந்துவிடுவேன். வெக்கை என்றால் ஜன்னலைத் திற என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து கற்ற பாடம். இங்கே அக்கினி நட்சத்திரத்தில்கூட மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடும், அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உன் ஊரில் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வந்தது காற்றில்லை, அனல். மாலை நீ வந்தபோது சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 34 காட்டியது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். இரவு பதினொரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சூடாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாடி, தலைக்கு மேல் ஓடு. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்த ஓடு ராத்திரி முழுக்கக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் நீ சாத்தியதைச் சாத்தியபடியே விட்டேன். இருட்டு அறையில் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கதவுச் சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது, மாவில் இழைக்கோலம் இழுத்த மாதிரி. அது மெல்ல நகர்ந்து வந்து கட்டில் காலைத் தொட்டபோது மணி ஒன்று. சுவரோரம் ஏறியபோது மூன்று. வெளியே மரங்களில் சில்வண்டுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. தெருவில் ஆள் அரவமே இல்லை. அன்று மாலை வெப்பமானி 30-ஐத் தாண்டவில்லை. உன் மேல் எனக்கு முதல் நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

ஏனென்றால் நான் ஊர் பார்க்க வரவில்லை, கண்ணு. உன்னைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் விமானம் ஏறினேன். ஜூலை 8-ஆம் தேதி நீ போன் செய்தது நினைவிருக்கிறதா? பக்கத்து லே பென் மிராபோவில் பிடித்த தீ மிஸ்ட்ரால் காற்றில் ஓடி வந்து நகரத்தின் விளிம்பையே தொட்டுவிட்டது என்றாய். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், அந்தப் பக்கத்து ஜனங்களைக் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாய். சுமார் 750 ஹெக்டேர் எரிந்தது. நீ அனுப்பிய படத்தில் வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்பத்தால் சுமார் 15,000 பேர் இறந்தார்கள் என்று எப்போதோ படித்தது ஞாபகத்துக்கு வந்தது. பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள். உனக்கு அந்த வயதில்லை என்பது தெரியும். ஆனாலும் ஓட்டுக்கு அடியில், தனியாக என்ற இரண்டு வார்த்தையும் மனசை விட்டுப் போகவே இல்லை.

அப்புறம் அந்த மலைக்கோயில் விஷயம். நோத்ர் தாம் த லா கார்துக்குப் போக வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். அறுபதாம் நம்பர் பஸ் மேலேயே கொண்டுபோய் விடும், காலையில் போகலாம் என்று நீ சொன்னாய். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவள் நான், இது 150 மீட்டர் குன்றுதானே என்று பதினொரு மணிக்குக் கிளம்ப வைத்தேன். உள்ளே போனபோது மேலே பார்த்து நின்றுவிட்டேன். கூரையிலிருந்து கயிற்றில் சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன! புயலில் பிழைத்து வந்தவர்கள் கொடுத்த காணிக்கை. மார்செய்க்காரர்கள் அந்த மாதாவை 'நல்ல அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றாய். கோபுரத்தின் உச்சியில் பொன் பூசி நிற்கும் 11 மீட்டர் சிலையைக் கடலில் வரும்போதே பார்த்துவிடுவார்களாம். கடலுக்குப் போகிறவர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் வேண்டிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்தேனே, செருப்பு கடிக்கிறது என்று. செருப்பு கடிக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, உள்ளங்கை சில்லிட்டுப்போனது, வியர்வையே நின்றுவிட்டது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தப்பு. அங்கே வெயில் காய்ச்சுவதே தெரிவதில்லை. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு போகிறது என்று புரிவதில்லை. நம் ஊரில் சேலை நனைந்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே சேலை நனையவே இல்லை. இனிமேல் யார் ஊரிலிருந்து உன்னிடம் வந்தாலும் இதை முதலில் சொல்லிவிடு.

ஆடிப்பெருக்கு அன்று நீ என்னை லோன்ஷான் மாளிகைக்குக் கூட்டிப்போனாயே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மனசு சரியில்லாமல்தான் கிளம்பினேன். ஆற்றங்கரை இல்லாத ஊரில் ஆடி பதினெட்டு என்ன என்று. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு நதியைத் தேரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்! நாலு காளைகள் இழுக்கின்றன, நடுவில் துராஞ்ஸ் நதி பெண்ணாக நிற்கிறாள், காலடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. 1830-களில் வறட்சியும் காலராவும் அந்த ஊரை வாட்டியிருக்கின்றன. எங்கோ இருந்த துராஞ்ஸைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து 1849-இல் ஊருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அந்த நன்றிக்கு எழுப்பிய கட்டடம் 1869-இல் திறக்கப்பட்டதாம். நீ இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாய். விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறியிருக்கிறாய், எனக்குத் தெரியாமல். அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் எடுத்து வந்திருந்த மஞ்சளைத் துளி கரைத்துத் தண்ணீரில் விட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சேன் ஷார்ல் ரயிலடிப் படிக்கட்டைப் பற்றி அப்பாவிடம் விவரமாகச் சொன்னேன். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர் என்று உனக்குத் தெரியும். கப்பலில் சூயஸ் வழியாக வந்து மார்செய்யில் இறங்கி, துணி மூட்டையோடு அந்தப் படிகளை ஏறியதை வாய் ஓயாமல் சொல்வார். நூற்று நாலு படி. நானும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடிவாரத்தில் ஒரு பக்கம் ஆப்பிரிக்கா, ஒரு பக்கம் ஆசியா என்று கல்லில் சாய்ந்து கிடக்கும் பெண்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடுகளாம். ஆசியா என்று எழுதிய சிலையில் கை வைத்தேன், கொதித்தது. தாத்தா இந்தச் சிலைகளைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. பார்க்காமல் போயிருப்பாரா, பார்த்தும் சொல்ல மனசில்லாமல் இருந்தாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடல்தான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அலையே இல்லாத கடல், ஏற்ற இறக்கமும் பெரிதாகத் தெரியவில்லை. கத்தலான் கரையில் மாலை எட்டு மணிக்கு வெயில் தாழாமல் இருக்கும்போது கால் நனைத்தேனே, முதல் நாள் வெதுவெதுப்பாக இருந்தது. மிஸ்ட்ரால் அடித்த மறுநாள் அதே இடத்தில் ஐஸ் மாதிரி. காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும் என்று நீ விளக்கினாய். கலாங்கு என்கிற அந்தக் கடலோரப் பாறைக் காட்டுக்கும் போக முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரைபடத்தைப் பார்த்தாய், சிவப்பு. தீ அபாயம், நுழைவு கிடையாது. அங்கே சுஜித்தோன் என்ற இடத்துக்கு ஒரு நாளைக்கு 400 பேர்தான், அதுவும் முன்பதிவு செய்து. எனக்கு அதில் வருத்தமில்லை. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கதவைச் சாத்தத்தான் வேண்டும்.

இனி, இரண்டாம் மாடிப் பாட்டி.

தினமும் வேலை முடிந்து வந்ததும் நீ நேரே மேலே வருவதில்லை என்பதை முதல் வாரத்திலேயே கவனித்தேன். கீழ்க் கதவு திறக்கும் சத்தத்துக்கும் நம் கதவு திறக்கும் சத்தத்துக்கும் நடுவே பத்து நிமிஷம் இருந்தது. யாரோடு பேசுகிறாய் என்று என் மனசு என்னென்னவோ நினைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து, தண்ணீர்ப் பாட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். காலையில் எழுந்ததும் அவர் கதவுப் பிடியில் நீலத் துணி ஒன்றைக் கட்டிவிட வேண்டும், நீ இறங்கும்போது அது இருக்க வேண்டும் என்பது உங்களுக்குள் ஏற்பாடு. நகராட்சியில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வைத்திருக்கும் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க வைத்ததும் நீதான். வெப்ப எச்சரிக்கை வந்தால் அங்கிருந்து போன் செய்து விசாரிப்பார்களாம்.

1962-இல் அல்ஜீரியாவிலிருந்து கப்பலில் வந்து லா ஜோலியத் துறையில் இறங்கியவர் என்றாய். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டே இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். நான் பனையோலை விசிறியால் வீசுவேன், அவர் முலாம்பழம் நறுக்கித் தருவார்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாலை நீ தட்டித் தட்டிப் பார்த்தும் அவர் கதவைத் திறக்கவில்லை. சாவி உன்னிடம் இருந்தது. உள்ளே நாற்காலியில் இருந்தார், கண் திறந்திருந்தது, கேட்டதற்குப் பதில் இல்லை. முகம் சிவந்து, தோல் காய்ந்து. எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ ஒரு கையால் ஆம்புலன்ஸ் எண் 15-க்குப் போன் செய்துகொண்டே மறு கையால் ரவிக்கைப் பொத்தான்களைத் தளர்த்தினாய். விரிப்பை நனைத்து மேலே போர்த்தினாய், மின்விசிறியைத் திருப்பினாய், என்னைப் பார்த்து, "அம்மா, நீ அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வை" என்றாய். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வருவதற்குள் அவர் உன் பெயரைச் சொல்லிவிட்டார். நான்கு நாளில் வீட்டுக்கும் வந்துவிட்டார்.

அன்று ராத்திரி நீ ஜன்னலைத் திறந்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாய். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வந்துவிடு என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவரும் கேட்க மாட்டார்.

ஆனால் அடுத்த கோடைக்கு உன் அறை இப்படி இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஏசிக்கு வெளிப்பெட்டி மாட்டச் சம்மதிக்கவில்லை என்கிறாய், சரி. நான் யோசித்து வைத்திருக்கிறேன். வெட்டிவேர்த் தட்டி. இங்கே நம் புழுக்கத்தில் அது வாசனைக்குத்தான் ஆகும், தண்ணீர் தெளித்தாலும் சீக்கிரம் காயாது. காய்ந்தால்தானே குளிர்ச்சி. உன் ஊரில் மிஸ்ட்ரால் வீசும்போது துவைத்த சேலை அரை மணியில் மொறுமொறுப்பாகிவிட்டதே, அந்தக் காற்றுக்கு நனைத்த தட்டி நன்றாக வேலை செய்யும். ராத்திரி ஜன்னலைத் திறக்கும்போது மாட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்துவிடு, பகலில் சுருட்டி வைத்துவிடலாம். பின்னித் தருகிறவரிடம் பேசிவிட்டேன், பதினைந்து நாள் கேட்கிறார்.

ஜன்னலின் அகலம், உயரம் இரண்டையும் அளந்து அனுப்பு. மரக் கதவுக்கு உள்பக்கம், சட்டத்தை விட்டு அள. பாட்டி வீட்டு ஜன்னலையும் அள, அவருடையது உன்னுடையதைவிடக் கொஞ்சம் அகலம் என்று நினைக்கிறேன். விசிறி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதே பார்சலில் வரும்.

அன்புடன்,
அம்மா