சேனையை நிறுத்துங்கள், பாலை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் ஒரு வாசகி, எச்.ஐ.வி. உள்ள தாய் பால் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். 'தவிர்ப்பது நல்லது' என்று ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது. அதற்குக் கீழேயே கட்டம் கட்டி, பிறந்த பிள்ளையின் வாயில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி எதையாவது தொட்டுச் சேனை வைக்கும் முறையும், உரைமருந்து உரசும் பக்குவமும் போட்டிருந்தீர்கள். ஈரோடு மாவட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மருந்தே இல்லாத காலத்தில்கூட, எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குத்தான் தொற்று வந்தது. கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்றையும் சேர்த்த கணக்கு இது. மீதிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பத்துத் தடவை அந்தப் பாலையே குடித்துத் தப்பியவர்கள். எப்படி? பாலில் கிருமி மட்டும் போவதில்லை. எதிர்ப்பு அணுக்களும், லாக்டோஃபெரின் என்ற புரதமும், தாய்ப்பாலுக்கே உரிய சர்க்கரைகளும் கூடவே போகின்றன. பிள்ளையின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. தொற்றே வராத குழந்தைகளின் ரத்தத்திலும், இந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைப் பார்த்திருக்கிறார்கள். நைரோபியில் தொற்று வந்த குழந்தைகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பெரியவர்களில் சிலருக்கு மட்டும், அதுவும் சில வருடம் கழித்தே வரக்கூடிய வலுவான எதிர்ப்புப் புரதங்கள், அந்தக் குழந்தைகளில் பலருக்கு ஓரிரு வருடத்துக்குள்ளேயே வந்திருந்தன. அவை அந்தப் பிள்ளைகளின் தொற்றைப் போக்கவில்லை என்பது வருத்தம்தான். ஆனாலும் தடுப்பூசி தேடுகிறவர்களுக்கு அது பெரிய துப்பு. பச்சைப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது என்று நாங்களே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பாதி உண்மைதான்.

சேனை விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த பிள்ளையின் குடல் சவ்வு மிக மெல்லியது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரைமருந்து என்று எது உள்ளே போனாலும் அங்கே புண்ணோ அழற்சியோ வரலாம். புண்ணை ஆற்ற எதிர்ப்பு அணுக்கள் அங்கே ஓடி வரும். எச்.ஐ.வி. பிடித்துக்கொள்வது அந்த அணுக்களைத்தான். காவலுக்கு வந்தவனே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செய்த ஆய்வு 1999-இல் வந்தது. மூன்று மாத முடிவில், தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் அளவுக்குத் தொற்று இருந்தது. தாய்ப்பாலோடு வேறு எதையாவது சேர்த்துக் குடித்த பிள்ளைகளில் அது 24.

இன்றைக்கு நிலைமை இன்னும் எவ்வளவோ நல்லது. 2014 முதல் நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கிருமியை அடக்கும் கூட்டு மருந்து ஆயுளுக்கும் இலவசம். தாய் ஒரு நாளும் விடாமல் மாத்திரை போட்டு, பிள்ளைக்கும் பிறந்ததிலிருந்து நெவிரபின் சொட்டு மருந்து கொடுத்தால், பால் வழியாகத் தொற்று வருவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. அப்படியிருக்க, பாலை நிறுத்தச் சொல்லலாமா? புட்டிப்பாலுக்குக் காசு வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும். வளவில் நாலு பேர் "ஏன் பால் குடுக்கறதில்ல?" என்று கேட்டால் சொல்லப் பதிலும் வேண்டும்.

பவானிப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்காரி. ஊரும் பேரும் சொல்ல மாட்டேன். பிரசவமாகி வீட்டுக்கு வந்த அன்றே அப்பத்தா சங்கோடு நின்றார். "ஏனுங்க நர்சம்மா, ஒரு சொட்டுக்கூட வெக்கக்கூடாதுங்களா? பொறந்த புள்ளைக்குச் சேனை வெக்காம உட்டா நல்லாருக்குமா?" என்றார். அவருக்கு மருமகளின் நோய் தெரியாது, நான் சொல்லவும் கூடாது. எந்தப் பிள்ளைக்குமே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் சங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஆறாவது வாரம் குதிகாலில் ஊசி குத்தி, அட்டையில் இருக்கும் வட்டம் ஒவ்வொன்றிலும் ரத்தச் சொட்டு நிறைய விட்டுக் காயவைத்து அனுப்பினோம். தொற்று இல்லை என்று வந்தது. அப்புறம் ஒன்பதாம் மாதம் காய்ச்சலுக்கு எங்கேயோ போனவர்களுக்கு ஒரு தனியார் ஆய்வகத்தில் சாதாரண ரத்தப் பரிசோதனை செய்து, எச்.ஐ.வி. இருக்கிறது என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் அன்று ராத்திரி போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பரிசோதனை பார்ப்பது எதிர்ப்புப் புரதத்தைத்தான். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த புரதம் 18 மாதம் வரை பிள்ளை ரத்தத்தில் தங்கலாம். அதற்கு முன்னால் கிருமியையே நேராகத் தேடும் பரிசோதனைதான் கணக்கு. 18 மாதம் முடிந்து, பாலும் நிறுத்தி எடுத்த கடைசிப் பரிசோதனையில் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே அடுத்த இதழில், அதே இடத்தில், அதே அளவுக் கட்டத்தில் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விவரம் தெரியாமல் ஏற்கெனவே சேனை வைத்துவிட்டவர்கள் பயந்துபோய்ப் பாலை நிறுத்த வேண்டாம், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் சொன்னால் போதும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். காம்பில் வெடிப்போ சீழோ இருந்தால் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் உடனே காட்ட வேண்டும். போகக் கூச்சப்படுகிறவர்கள் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசலாம், காசு இல்லை. 2017-ஆம் வருட எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியே சொல்லக்கூடாது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.