சந்தியில் கட்டிய படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்தால் உங்கள் பத்திரிகையில் நாலைந்து நாளைக்குப் பிள்ளைகளின் படங்கள்தான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் புள்ளி. நானும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தவன்தான். இப்போது அந்தப் பக்கம் வந்தால் தாளைப் புரட்டிவிடுகிறேன். காரணத்தைச் சொன்னால் என் பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்பவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் தரம் வரைதான். நான் அங்கே படித்தேன், மகள் படித்தாள், இப்போது பேரன் மூன்றாம் தரம். முழுப் பள்ளிக்கும் ஐம்பது பிள்ளைகள் தேறாது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வாவியைக் கடக்க ஏற்றிப் போகிற மிதவைப் பாதைக்காகக் கரையில் காத்துக்கிடந்த காலம் முடிந்தது, வருத்தக்காரரை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். மறுகா அதே பாலத்தால் வான்களும் வந்தன. விடிய ஆறு மணிக்கே வந்து, கொஞ்சம் கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகளை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பள்ளிகளுக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பள்ளியில் வாங்குகள் வெறுமையாகிக்கொண்டே போனபோது, இங்கேயும் பிள்ளைகள் பாஸ் பண்ணுகிறார்கள் என்று எப்படியாவது காட்ட வேண்டும் என்ற பதற்றம் எங்களுக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை பாஸ் பண்ணத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தாள். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருந்த நான்தான் முன்னுக்கு நின்று காசு சேர்த்துப் பதாகை அடிப்பித்தேன். எட்டடி நீளம். பிள்ளையின் படம், பெரிய எழுத்தில் புள்ளி, ஒரு மூலையில் குழுவின் பெயர். சந்தியில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் கட்டினோம்.

அந்த வருடம் பரீட்சை எழுதியவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரில் ஒரு பொடியன் சந்தியால் வராமல் குளக்கட்டால் சுற்றி வீட்டுக்குப் போவதை வயல் வட்டைக்குள் நின்று கண்டேன். மாங்காய்க்குப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கிழமையாகியும் அதே வழி. அது யானை இறங்குகிற காலம் வேறு. மறித்துக் கேட்டால் வாயே திறக்கவில்லை. பிறகு அவன் தங்கச்சிதான் சொன்னாள்: "அண்ணன் அந்தப் படத்தடியால வரமாட்டானாம்."

இந்தப் பொடியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்த்திகை மழையில் பள்ளிக்குப் போகிற வழியில் ஓடை நிரம்பி வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். பெரியவர்கள் யாராவது வரும்வரை முதலாம் தரப் பிள்ளைகளை இக்கரையில் வரிசையாக நிறுத்தி வைப்பான். பெரியவர் வந்ததும் தானும் ஒரு சின்னனின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கடப்பான். காலைச் சாப்பாட்டை எங்கள் ஊர்த் தாய்மார் முறைவைத்துச் சமைக்கிறார்கள். எந்தப் பிள்ளை முதல் நாள் இரவும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அகப்பையோடு நிற்கிற தாயின் காதுக்குள் போய் "அவனுக்குக் கூடப் போடுங்க மாமி" என்பானாம். இதை என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனுக்குப் புலமைப்பரிசிலில் எத்தனை புள்ளி என்று எனக்கு ஞாபகமில்லை. ஊரில் வேறு சிலருக்கு அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வசதி குறைந்த வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவுதொகை கிடைக்கிறது, பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்க வேண்டி வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சைக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம்! இவ்வளவு தூரம் அதைத் தூக்கி வைத்ததில் பதாகை கட்டிய என்னைப் போன்றவர்களுக்கும், படம் போடுகிற உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

பதாகையை நானே அவிழ்த்தேன். அதைப் பார்த்து ஒரு வான்கூடத் திரும்பிப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல தடித்த பதாகை. படத்தை உள்பக்கம் மடித்து இரண்டு போகம் நெல் மூடினேன்.

இப்போது பெறுபேறு வருகிற அன்று, பரீட்சை எழுதிய பிள்ளைகள் எல்லாருக்குமாகப் பள்ளியில் புக்கை பொங்குகிறோம். யாருடைய புள்ளியையும் வாசிப்பதில்லை. இதில் எல்லாருக்கும் திருப்தி என்று சொல்லமாட்டேன். போன கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "என்ட புள்ள ராத்திரி பகலாப் படிச்சது. அதுக்கு ஒரு படம் போட்டா என்ன குறைஞ்சிபோகும்?" என்று கேட்டா. நியாயமான கேள்விதான். அதிபரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஆசிரியர் ஐயா, பாராட்டு விளம்பரங்களால் பத்திரிகைக்குக் காசு வருவது எனக்குத் தெரியும். படங்களை நிறுத்த முடியாவிட்டால் கீழே போடுகிற புள்ளியையாவது விட்டுவிடுங்கள். சின்னப் பள்ளிகளுக்கு உங்கள் நிருபரை முதலாம் தரப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்கோ விளையாட்டு விழாவுக்கோ அனுப்புங்கள். சும்மா ஒரு நாளில் வந்தாலும் சரிதான், காலைச் சாப்பாட்டு நேரம் பார்த்து வரச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் மோட்டார் சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டு நடக்க வேண்டியிருக்கும். ஓடையடியில் பிள்ளைகள் நிற்பார்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.