மூய் ஆற்று வெள்ளத்தில் எங்கள் குதிரைகளைக் காத்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் மூய் ரிவர், நாட்டிங்ஹம் ரோடு வட்டாரத்து அண்டைப் பண்ணையார்களுக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயில் மகளிர்க்கும், எங்கள் லாயத்தில் பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்தைய இரவில் ஆறு கரை மீறி எங்கள் பண்ணைக்குள் நுழைந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. சேறு வழிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஆயினும் நன்றி சொல்வதைச் சேறு காயும்வரை தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் குறிக்கவில்லை. அவரவர் செய்தது அவரவர்க்குத் தெரியும்.

மூய் என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல்லுக்கு அழகு என்று பொருள். ஸூலு மக்கள் ம்போஃபானா என்று அழைக்கும் இந்த ஆறு, டிராக்கென்ஸ்பர்க் மலையிலிருந்து இறங்கித் துகேலாவில் கலப்பது. குளிர்காலத்தில் அடிக்கற்கள் தெரிய மெலிந்து ஓடும் ஆற்றைப் பார்ப்பவர்க்கு அதனிடம் அச்சம் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. வசந்தத்தின் முதல் பசும்புல் ஆற்றோரக் கேம்புகளில்தான், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்தான், முளைக்கிறது என்பதால், குட்டி ஈன்ற ஆறு பெண்குதிரைகளையும் நிறைசினையாக இருந்த ஐந்தையும் அங்கேயே மேய விட்டிருந்தேன். தென்னாப்பிரிக்காவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஆகஸ்ட் 1 அன்றே ஒரு வயது கூடுகிறது. ஆகவே அந்த நாளுக்குப் பின் எவ்வளவு விரைவில் குட்டி பிறக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி நாங்கள் சினைப்படுத்துகிறோம். கோடை மழை தொடங்கும் காலத்தில் பண்ணை முழுவதும் கைக்குட்டிகளும் நிறைசினைகளுமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எல்லாருக்கும் முன்பாக நன்றி சொல்ல வேண்டியவர், லெசோத்தோ மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் லாயத்தில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவர். நாங்கள் அவரை ‘ந்தாதே’ என்றே அழைக்கிறோம். அவர் மொழியில் அது தகப்பனாரை அழைக்கும் சொல். அன்று மாலை, விடியும்வரை எந்தக் கேம்பின் கதவையும் திறக்கக் கூடாது என்று நான் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இருட்டில் குதிரைகளைக் கிளப்பினால் குட்டிகள் தாயைப் பிரிந்து கம்பிவேலியில் சிக்கும் என்பது என் கணக்கு. ஆனால் இரவு பத்தரை மணிக்கு ஆற்றுக்குள் பெருங்கற்கள் உருளும் ஓசையை அவர் கேட்டிருக்கிறார். 1987 செப்டம்பரில் நட்டால் மாநிலத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தின்போது, இந்த வட்டாரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், அதே ஓசையைக் கேட்டவர் அவர்; எங்களில் வேறு யாரும் கேட்டதில்லை. என்னைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. அதன்பின் காத்திராமல், இருப்பதில் மூத்த சாம்பல் நிறப் பெண்குதிரையின் தலையில் கயிறு மாட்டி மேட்டை நோக்கி நடத்தினார். அவள் நடந்தால் மற்றவை பின்தொடரும் என்பது அவருக்குத் தெரியும். தாய்களின் விலாவை ஒட்டியபடி குட்டிகளும் போயின. பிறகு தம் மருமகனோடு கீழே திரும்பி, பின்தங்கியவை சிக்கிக்கொள்ளாதபடி நான்கு இடங்களில் வேலிக்கம்பியை வெட்டினார்.

நள்ளிரவுக்குப் பின் நான் வந்து சேர்ந்தபோது, கதவு திறந்து கிடப்பதை மட்டும் கண்டு, வேலைக்காரப் பிள்ளைகள் முன்னிலையில் அவரை உரத்த குரலில் கடிந்துகொண்டேன். இரண்டு மணிக்கு அந்தக் கேம்பில் வேலிக்கம்பங்களின் தலை மட்டுமே நீருக்கு மேல் தெரிந்தது. ஒரு குட்டியும் குறையவில்லை. பலர் முன் கடிந்தவன் பலர் முன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த மடலில் கேட்கிறேன். கேயா லெபோஹா (நன்றி), ந்தாதே.

அடுத்து, தம் பால் கறக்கும் கொட்டகையை எங்களுக்காக ஒழித்துக் கொடுத்த பக்கத்துப் பண்ணைத் தம்பதியர். தம் பசுக்களை மழையில் நிறுத்திவிட்டு, விடிகாலைக் கறவையை நான்கு மணி நேரம் தள்ளிவைத்தார்கள்; பால்பண்ணை நடத்துபவர்க்கே அதன் இழப்புப் புரியும். அந்தக் கொட்டகையில்தான், மேடேறி வந்த களைப்பில், ஒரு சிவலைக் குதிரை விடியற்காலை மூன்றே காலுக்குக் குட்டி போட்டாள். இரண்டு நாட்களாகவே அவள் மடியிலிருந்து பால் தானாக ஒழுகிக்கொண்டிருந்ததால் சீம்பால் முழுவதும் வீணாகியிருந்தது. மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புச் சக்தியைக் கருவிலேயே ஓரளவு பெற்றுவிடுகிறது. குதிரைக்குட்டிக்கு அது சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் குடித்தால்தான் முழுப் பயன். ஒரு நாள் கடந்தால் குடலுக்கு அதை ஏற்கும் திறனே போய்விடுகிறது.

அந்த நேரத்தில், இதே தொழிலில் எங்களுக்குப் போட்டியாக இருக்கும் பெரிய பண்ணை ஒன்றிலிருந்து, உறைபெட்டியில் சேமித்த சீம்பாலை ஓர் இளைஞர் தம் பக்கி எனும் சிறு சுமைவண்டியில் கொண்டுவந்தார். பாலம் மூழ்கியிருந்ததால் என்-3 நெடுஞ்சாலைக்கு ஏறிச் சுற்றி வந்தவர், பனிக்கட்டியாக இருந்த பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே வண்டியோட்டியிருக்கிறார். கால்நடை மருத்துவர் அம்மையார் வந்து சேரும்வரை தொலைபேசியிலேயே வழிகாட்டினார்: கொதிநீர் கூடாது, கை பொறுக்கும் சூட்டு நீரில் மெல்ல உருக்க வேண்டும், அவசரப்பட்டுச் சூடாக்கினால் அதிலுள்ள சக்தி கெட்டுவிடும் என்றார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு வாளி நீரில் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்தபடி நின்றோம். குட்டி ஐந்தரை மணிக்குள் குடித்து முடித்தது. மறுநாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு போதுமானது என்று வந்தது.

வெள்ளத்தைவிட வெள்ளத்துக்குப் பிந்தைய வாரமே எங்களை அதிகம் சோதித்தது. களஞ்சியத்தில் அடுக்கியிருந்த உலர்புல் கட்டுகள் நனைந்து உட்சூடு ஏறின. அப்படியே விட்டால் தீப்பற்றவும் கூடும், பூசணம் பிடித்ததைத் தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி வந்து உயிரே போகவும் கூடும். எல்லாவற்றையும் வெளியே எறிய வேண்டியதாயிற்று. புல் ஏற்றிவர இரு மடங்கு வாடகை கேட்ட ஒரு வண்டிக்காரரும் உண்டு. அவரைப் பற்றி இங்கே மேலும் எழுத விரும்பவில்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பக்கத்திலிருந்து எராகிராஸ்டிஸ் புல்லும் குதிரைமசாலும் இரண்டு லாரிகளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டீசல் காசுகூட வாங்காமல் திரும்பிய அந்த இருவரின் முகத்தை நான் பகலில் பார்க்கவே இல்லை. ஈரத்தில் அழுகத் தொடங்கிய குளம்புகளைச் செதுக்கிக் கட்டுப்போட நாள்தோறும் வந்த லாடக்காரருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கோயில் மகளிரே, சனிக்கிழமைப் படையலுக்குச் சமைத்ததில் பாதியை அன்று மதியமே மலையேற்றி அனுப்பினீர்கள். பருப்பும் சோறும், கீரையும், காத்ரா பீன்ஸ் கறியும் அத்தனை பேருக்கும் இரண்டு வேளை வந்தன. இறைச்சி இல்லாத சாப்பாட்டை எங்கள் ஆட்கள் ஏற்பார்களோ என்று தயங்கினேன். அவர்கள் தங்கள் உபூத்து எனும் உதிரியான மக்காச்சோளக் களியைக் கிண்டிக் கொண்டுவந்து உங்கள் கறியை அதன்மேல் ஊற்றிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், பிட்டும் உபூத்துவும் உடன்பிறந்தவை என்று என் பாட்டி சொன்னதை அன்று ஒப்புக்கொண்டேன்.

உதவிய பண்ணைகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. தேங்கிய நீரும் சேறும் வெயிலில் காயும்போது, குதிரைக்கொள்ளை நோயைப் பரப்பும் பொடிக்கொசுக்கள் இந்த ஆண்டு மிகுதியாகக் கூடும். அந்நோய் குதிரையிலிருந்து குதிரைக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை என்பதால், அந்திக்கு முன் லாயத்தில் அடைத்து, விடிந்தபின் வெளியே விடுவதே பெரும் காப்பு. இடிந்த லாயங்களை நாங்கள் கட்டி முடிக்கும்வரை, எட்டுக் குதிரைகளுக்கு இரவில் இடம் கொடுப்பதாகச் சொன்ன இரு பண்ணைகளுக்கும் முன்கூட்டியே நன்றி. தீவனமும் ஆட்கூலியும் எங்கள் பொறுப்பு.

பால் கொட்டகையில் பிறந்தது பெண்குட்டி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பதிவுக்கான பெயரை ந்தாதே தேர்ந்தெடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 18 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறோம். ஏழு பெரிய பானைகள், ஒன்பது மூடிகள். வருகிற சனிக்கிழமை கோயில் சமையற்கட்டில் கொண்டுவந்து வைக்கிறேன். மிகுதியான இரண்டு மூடிகள் யாருடையவை என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மூய் ஆற்றங்கரைக் குதிரைப் பண்ணையிலிருந்து